பெயர் மட்டும் தாங்கிய வெண்கலம்

முதல் உலகப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு வெண்கலத் தகடு அனுப்பிவைத்தது. வட்டத் தகடு. குறுக்களவு 12 சென்டிமீட்டர். விரித்த உள்ளங்கையை மறைத்துவிடும். மொத்தம் 13 லட்சத்து 55 ஆயிரம் தகடுகள் வார்த்தார்கள். 450 டன் வெண்கலம் செலவானது. வகுத்துப் பார்த்தால் தகடு ஒன்றுக்கு 330 கிராம் தேறும். ஒரு வாலிபன் போன இடத்துக்கு வீடு வந்து சேர்ந்த உலோகம் அவ்வளவுதான்.

தகட்டில் பிரிட்டானியா நிற்கிறாள். பிரிட்டனைப் பெண்ணுருவாக்கிய வடிவம் அது. தலையில் கவசம், ஒரு கையில் திரிசூலம், நீட்டிய மறுகையில் வெற்றி மாலை. காலடியில் சிங்கம். இரண்டு பக்கமும் டால்பின்கள், கடலாதிக்கத்துக்கு அடையாளம். அடியில் ஒரு சின்னச் சிங்கம் கழுகைக் குதறுகிறது. கழுகு என்றால் ஜெர்மனி. விளிம்பைச் சுற்றி ஆங்கில வாசகம்: சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இவன் உயிர் விட்டான்.

அந்த மாலைக்கு நேர் கீழே ஒரு செவ்வகம். அதற்குள் இறந்தவன் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். பதவி, படை எண், படைப்பிரிவு, ஊர், வயது, இறந்த தேதி என்று வேறு எதுவும் இருக்காது. பதவியை விட்டது பெருந்தன்மை. கூடவே மற்ற எல்லாவற்றையும் விட்டதுதான் பிழை. இந்தத் தகட்டின் நூறாண்டுக் கதை அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

போட்டி வைத்துப் பிறந்தது

1916 ஜூலை 1 அன்று பிரான்சில் சொம் ஆற்றங்கரைச் சண்டையின் முதல் நாளில் மட்டும் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். அந்தப் போரில் யார் செத்தாலும் உடல் ஊர் திரும்பாது. 1915-லேயே அதற்குத் தடை போட்டாகிவிட்டது. பணக்காரன் பிள்ளை பெட்டியில் வர, ஏழைப் பிள்ளை வயல் சேற்றில் கிடப்பது கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆக, குளிப்பாட்ட உடல் இல்லை. போய்ப் பார்க்கக் கல்லறை இருந்தாலும் அது கடலுக்கு அப்பால். பலருக்கு அந்தக் கல்லறையும் இல்லை. துக்கத்தைக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

1916-லேயே அரசாங்கம் அதற்காக ஒரு குழு அமைத்தது. போர் அலுவலகச் செயலாளர் ரெஜினால்ட் பிரேட் அதற்குத் தலைவர். எம்.பி.க்கள் இருந்தார்கள், இந்திய அலுவலகத்தின் சார்பிலும் ஆள் இருந்தது. 1917 ஆகஸ்டில் 'டைம்ஸ்' பத்திரிகையில் போட்டி அறிவிப்பு வெளியானது. வெண்கலத்தில் வார்க்கத் தோதான வடிவம் வேண்டும், பெயருக்கு இடம் விடவேண்டும், விளிம்பு வாசகம் இதுதான் என்று விதிகள் சொல்லின. கலைஞர் தம் பெயரைப் போடக்கூடாது. புனைபெயரில் அனுப்பிவிட்டு, உண்மைப் பெயரை ஒட்டிய உறையில் தரவேண்டும். கெடு நவம்பரில் முடிய வேண்டியது. போர்முனையில் இருந்த சிப்பாய்களும் போட்டியில் கலந்துகொள்ள ஆசைப்பட்டதால் டிசம்பர் கடைசி வரை நீட்டினார்கள். சாகக் காத்திருந்தவர்களே சாவுக்கான தகட்டை வரைந்து அனுப்பினார்கள்.

800-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. 1918 மார்ச்சில் முடிவு தெரிந்தது. 'பிரமஸ்' என்ற புனைபெயரில் அனுப்பியவருக்கு முதல் பரிசு, 250 பவுண்டு. உறையைப் பிரித்தால் லிவர்பூல்காரர் எட்வர்ட் கார்ட்டர் பிரஸ்டன். பின்னாளில் லிவர்பூல் ஆங்கிலிகன் பேராலயத்துக்கு ஏராளமான சிற்பங்கள் செய்தவர். தகட்டில் சிங்கத்தின் முன்காலுக்கு மேலே அவருடைய முதலெழுத்துகள் பொடியாக இருக்கும். தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

படம் வெளியானதும் விமர்சனமும் வந்தது. சிங்கம் நோஞ்சானாக இருக்கிறது என்று விலங்குக் காட்சிசாலைக்காரர்கள் குறை சொன்னார்கள். தோற்ற எதிரியைக் கழுகாக்கிக் குதற வைப்பது நாகரிகமா என்று சிலர் கேட்டார்கள். ஆனால் பதவியைப் போடாமல் விட்டதுதான் அந்தத் தகட்டின் பெரிய துணிச்சல்.

அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று புரிய அந்நாளைய ராணுவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரி சாப்பிடும் இடம் வேறு, சிப்பாய் சாப்பிடும் இடம் வேறு. ஆஸ்பத்திரி வார்டும் வேறு. சாவுச் செய்தி வருவதில்கூட வித்தியாசம் உண்டு. அதிகாரி வீட்டுக்குத் தந்தி பறக்கும். சிப்பாய் வீட்டுக்கு அச்சடித்த படிவத்தில் பெயரை நிரப்பித் தபாலில் அனுப்புவார்கள். அப்படிப்பட்ட ராணுவம், செத்தபிறகு எல்லாரும் ஒன்று என்று வெண்கலத்தில் எழுதிக்கொடுத்தது. வாலன்டைன் ஜோ ஸ்ட்ரட்விக் என்ற பையன் 1916 ஜனவரி 14 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு அருகே மாண்டான். வயது 15. அவன் கல்லறையில் அந்த வயது பொறித்திருக்கிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். விதிப்படி அவன் வீட்டுக்கு உரிய தகடும் ஒரு ஜெனரல் வீட்டுக்கு உரிய தகடும் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே எழுத்து.

பட்டறை

1918 டிசம்பரில், போர் ஓய்ந்த அடுத்த மாதம், மேற்கு லண்டனில் ஆக்டன் என்ற இடத்தில் வார்ப்பு தொடங்கியது. பட்டறையை நடத்தியவர் மானிங் பைக் என்ற அமெரிக்கப் பொறியாளர். வேலை சாதாரணமானதல்ல. நாணயம் என்றால் ஒரே அச்சில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளலாம். இங்கே ஒவ்வொரு தகட்டிலும் பெயர் மாறும். பெயரைப் பின்னால் செதுக்கிச் சேர்ப்பதில்லை. தகட்டோடு தகடாகவே வார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றுக்கும் அச்சில் எழுத்தைத் தனித்தனியாகக் கோக்கவேண்டியிருந்தது. ஒரு சாவுக்கு ஒரு வார்ப்பு.

இரண்டு ஆண்டு கழித்து, 1920 கடைசியில், வேலை உல்விச் ஆயுதச்சாலைக்கு மாறியது. அதுவரை பீரங்கியும் குண்டும் செய்துகொண்டிருந்த இடம் அது. அங்கே வார்த்த தகடுகளின் பின்பக்கத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள் டபிள்யூ, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிக்கிடக்கும்.

விளிம்பு வாசகத்தின் முதல் சொல் ஆணைக் குறிக்கும் 'ஹீ'. போரில் நர்சுகளும் பெண் தொண்டர்களும்கூட மாண்டிருந்தார்கள். அவர்களுக்கு 'ஷீ' என்று இருக்கவேண்டும். ஒரு எழுத்து கூடுதலாக நுழைய இடம் வேண்டுமே! பக்கத்திலிருந்த 'ஹெச்' எழுத்தை ஒடுக்கிச் சமாளித்தார்கள். பெண்களுக்காக வார்த்தவை ஏறக்குறைய 1,500. கொடுத்தவை 600 சொச்சம். பதிமூன்று லட்சத்தில் அறுநூறு.

தகடு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேருமுன் ஒரு காகிதம் அந்த வீட்டுக்குப் போனது. ராணுவப் படிவம் டபிள்யூ 5080. இறந்தவனுக்கு மனைவி உண்டா, பிள்ளைகள் உண்டா, தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா, அண்ணன் தம்பி அக்கா தங்கை யார் யார், முகவரி என்ன என்று எல்லாவற்றையும் நிரப்பி, பாதிரியார் அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். பிள்ளை போன வீட்டில் இருந்து மீதி இருப்பவர்களின் பட்டியலை எழுதி வாங்கியபிறகே தகடு வரும்.

கூடவே ஒரு சுருள் தனியாக வரும். தடித்த காகிதத்தில் அரச முத்திரையோடு அச்சடித்த நினைவுப் பத்திரம். அதன் வாசகத்துக்கு எழுத்தாளர்கள் பலரிடம் யோசனை கேட்டார்கள். கடைசியில் எழுதிக்கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்த எம். ஆர். ஜேம்ஸ். பேய்க்கதைகளுக்குப் பேர்போனவர்; போரில் தம் மாணவர்கள் பலரை இழந்தவர். வாசகத்துக்குக் கீழே இறந்தவனின் பதவி, பெயர், படைப்பிரிவு மூன்றையும் கலை எழுத்தில் கையால் எழுதினார்கள். கடைசியாக, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கையெழுத்து நகலோடு ஒரு சின்னக் கடிதம்.

இந்த இடத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். தகடு சொல்லாததைச் சுருள் சொன்னது. ஆளை அடையாளம் காட்டும் விவரம் காகிதத்தில் இருந்தது, அழியாத உலோகத்தில் வெறும் பெயர் இருந்தது. குழுவில் இருந்தவர்கள் இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் காகிதமும் உலோகமும் எத்தனை நாள் ஒன்றாக இருக்கும் என்பது கறையான் கண்ட நமக்குத் தெரியும்.

வாசல்படி

தகடு வீடு வந்து சேர்ந்ததும் மக்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து ஒரு பென்னிக் காசிலும் பிரிட்டானியா உண்டு. ஆகவே இது 'டெட் மேன்ஸ் பென்னி', செத்தவன் காசு. சிலர் 'விதவைக் காசு' என்றார்கள். மன்னர் கொடுத்த கௌரவத்துக்கு ஜனங்கள் போட்ட விலை ஒரு பென்னி.

சில வீடுகளில் அதற்கு மரச்சட்டம் போட்டுக் கணப்படுப்புக்கு மேலே மாட்டினார்கள். பக்கத்தில் சீருடையில் எடுத்த போட்டோ. வாரத்துக்கு ஒருமுறை பிராஸோ போட்டுத் துடைத்தார்கள். இருபது முப்பது ஆண்டு துடைத்துத் துடைத்துப் பிரிட்டானியாவின் மூக்கும் சிங்கத்தின் பிடரியும் மழுங்கிப்போன தகடுகள் உண்டு. அப்படி ஒன்றைப் பார்த்தால் அதில் ஒரு தாயின் கட்டைவிரல் தெரியும். சிற்பி செய்த முகத்தை அவள் விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும். செவ்வகத்துக்குள் இருக்கும் பெயரை மட்டும் இலேசாகத் தொட்டு விட்டிருப்பாள்.

இன்னும் சில வீடுகளில் அது பெட்டியின் அடிக்குப் போனது. சிலர் ஆத்திரத்தில் திருப்பி அனுப்பினார்கள். குளோஸ்டர்ஷைரில் கிரேட் ரிசிங்டன் என்ற சின்னக் கிராமத்தில் சோல்ஸ் என்ற குடும்பம். 1916-க்கும் 1918-க்கும் நடுவில் ஐந்து மகன்கள் மாண்டார்கள். ஐந்து வெண்கல வட்டத்தை ஒரு தாய் எந்தச் சுவரில் மாட்டுவாள்?

வாசல்படி ஏறாத தகடுகளும் உண்டு. கோழை என்றும் ஓடிப்போனவன் என்றும் ராணுவ நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, சொந்தப் படையே சுட்டுக்கொன்ற 306 பேரின் வீடுகளுக்குத் தகடு கிடையாது. அவர்களில் ஒருவர் ஹாரி ஃபார். குண்டுச் சத்தத்தில் நரம்பு சிதறி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். 1916 அக்டோபர் 18 அன்று விடியற்காலையில் சுட்டார்கள், வயது 25. குடும்பம் தலைமுறை கடந்து வழக்காடியது. 2006-ல்தான் அந்த 306 பேருக்கும் மன்னிப்பு வந்தது. எல்லாரும் சமம் என்ற வட்டத்துக்கும் வெளியே ஒரு வரிசை நின்றிருந்தது.

கடல் தாண்டி

பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள். 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை. சென்னை ராஜதானியிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படை, மெசொபொட்டேமியா என்ற இன்றைய இராக்கில் பாலமும் பாதையும் போட்டது. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா துறைமுகத்தில் போய் இறங்கி அடிவாங்கிய படைகளில் ஒன்றின் பெயர் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. மாண்ட இந்தியச் சிப்பாய்களின் வீடுகளுக்கும் அதே தகடு வந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத வீட்டுக்கு ஆங்கில எழுத்தில் மகன் பெயர்.

இந்த இடத்தில் தகட்டுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். அதே அரசாங்கம் கொடுத்த மற்ற நினைவுச் சின்னங்களில் இவ்வளவு நேர்மை கிடையாது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு வெள்ளி. மூட்டை சுமந்து பாதை வெட்டிய இந்திய, சீன, மால்டா கூலிப்படைக்காரர்களுக்கு வெண்கலம்; அது ஒரு லட்சத்துச் சொச்சம்.

பாஸ்ரா நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். மெசொபொட்டேமியாவில் மாண்டு, கல்லறை தெரியாத 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்காக 1929-ல் திறந்தது. பிரிட்டிஷ் வீரன் கடைநிலைச் சிப்பாயாக இருந்தாலும் பெயர் கல்லில் உண்டு. இந்தியர் என்றால் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்கள், இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணாக அடங்கிப்போனார்கள். 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே ஒரு அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. ஆசியர், ஆப்பிரிக்கர் என 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள்; குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேருக்குப் பெயரோ நினைவுச் சின்னமோ இல்லை என்றது அறிக்கை. அந்த பாஸ்ரா சின்னத்தையே 1997-ல் சதாம் உசேன் ஆணையால் பெயர்த்து, 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பெயர் இல்லாத கல்லும் இருந்த இடத்தில் இருக்கவில்லை.

நம் ஊரிலும் அதே கணக்கு. வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. அதில் பதித்த கல் சொல்வது இதுதான்: இங்கிருந்து 277 பேர் பெரும்போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள். இதே வாசகத்தோடு எண்ணை மட்டும் மாற்றி இந்தியாவின் எத்தனையோ கிராமங்களில் கல் பதித்தார்கள். அந்தப் பதினான்கு பேர் யார்? கல் வாய் திறக்காது. மெசொபொட்டேமியாவில் செத்த ஒரு வடஆற்காட்டுச் சிப்பாய்க்கு பாஸ்ராவிலும் எண், ஊர் மணிக்கூண்டிலும் எண். அவன் பெயரை முழுசாகச் சொன்ன ஒரே சின்னம் வீட்டுக்கு வந்த அந்தத் தகடாகத்தான் இருந்திருக்கும்.

கல்லில் எண் இருக்கிறது, பெயர் இல்லை. தகட்டில் பெயர் இருக்கிறது, ஊரும் எண்ணும் இல்லை. இரண்டையும் ஒட்டவைக்க வேண்டியவர்கள் வீட்டு மனிதர்கள். அவர்கள் போனபிறகு?

இதை ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். செங்கம் பக்கத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, வீரன் பெயர் என்ன, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் விழுந்தான் என்ற விவரமெல்லாம் வட்டெழுத்தில் இருக்கும். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரார் வைத்த கல். அவன் அரசனும் இல்லை, தளபதியும் இல்லை. ஆனாலும் இன்றைக்குப் போய் நின்றால் ஆள் இன்னான் என்று சொல்லிவிடலாம். சாம்ராஜ்யத்தின் ஆயுதச்சாலைக்குத் தோன்றாதது, பட்டிக்காட்டுக் கல்தச்சனுக்குத் தோன்றியிருக்கிறது.

பதக்கமானாலும் தகடானாலும் அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். கபர் சிங் நேகி கார்வால் மலையில் சம்பா அருகே பிறந்தவர். 1915 மார்ச் 10 அன்று பிரான்சில் நவ் ஷப்பெல் சண்டையில் மாண்டார். இருபதை ஒட்டிய வயது. வீரத்துக்கான உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். அவர் மனைவி மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்தச் சிலுவையைத் தம் உடுப்பில் குத்திக்கொண்டே நடமாடினார், 1981-ல் சாகும்வரை. அறுபத்தாறு ஆண்டு. இன்றும் ஏப்ரலில் சம்பாவில் கபர் சிங் பெயரில் திருவிழா கூடுகிறது. அந்த மலைக்காரர்களுக்கு அவரை நினைவூட்ட உலோகம் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.

பழைய சாமான் கடை

தாய் போனாள், தங்கை போனாள். வீட்டைக் காலி செய்தபோது தகடு வெளியே வந்தது. பித்தளை என்று நினைத்து எடைக்குப் போட்டவர்கள் உண்டு. பதக்கம் சேகரிப்பவர்கள் வாங்கினார்கள். சுருள் கறையானுக்குப் போயிருக்கும்; கடிதத்தைத் தபால்தலைக்காரர் கொண்டுபோயிருப்பார்; போட்டோ வேறு ஒருவர் கைக்குப் போயிருக்கும். உலோகம் மட்டும் தனியாகச் சந்தைக்கு வந்தது.

இங்கேதான் அந்தச் செவ்வகம் பழிவாங்கியது. ஜான் ஸ்மித் என்ற பெயரில் ஒரு தகடு கிடைத்தால் அது எந்த ஜான் ஸ்மித்? மாண்டவர் பட்டியலில் அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கானோர். படை எண் இல்லை, பிரிவு இல்லை. கண்டுபிடிக்க வழியே இல்லை. அபூர்வமான பெயர் என்றால் சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுப்பார்கள், ஏனென்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அரிய பேர் மட்டும் விலை போனது. எத்தர்கள் சிலர் சாதாரணப் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு, விலை போகும் பெயரை ஏற்றி விற்றார்கள். அப்படித் தேய்க்கப்பட்ட பையன் இரண்டாம் முறை செத்தான்.

இந்தியச் சிப்பாய் நிலைமை இன்னும் மோசம். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முனுசாமி என்றால் முனுசாமிதான். தகப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். அந்த இரண்டும் தகட்டில் இல்லை. வீட்டை விட்டு வெளியேறிய நொடியில் அந்த முனுசாமி எந்த முனுசாமியும் இல்லாமல் போகிறான்.

பின்னால் வந்தவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்களா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் தகடே வார்க்கவில்லை, சுருளோடு நிறுத்திக்கொண்டது. 2009-ல் மாண்டவர் குடும்பத்துக்கென்று எலிசபெத் சிலுவை என்ற ஒன்றைத் தொடங்கியது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவகம் திறந்தபோது 25,942 பெயர்களைக் கருங்கல்லில் பொறித்தார்கள். பெயரோடு பதவியும் படைப்பிரிவும் உண்டு. சுதந்திர இந்தியாவுக்காக மாண்டவர்கள் அவர்கள். 1914-ல் வேறொரு கொடிக்காகப் போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்காகப் பேச இன்று இருப்பது பழைய பெட்டிகளும், அந்தப் பெட்டிகளைத் திறக்கும் பேரப்பிள்ளைகளும்தான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தாவுக்குத் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று உங்கள் வீட்டில் பேச்சு இருந்தால், பரணில் இருக்கும் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பிரிட்டானியாவும் சிங்கமும் உள்ள வட்டத் தகடு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். சாம்பலும் வேண்டாம், பிராஸோவும் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கூடவே பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். படை எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் அங்கே பொறித்திருக்கும். தகடு மறந்ததைப் பதக்கம் சொல்லிவிடும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் மாண்டவர் பட்டியலை யாரும் இலவசமாகத் தேடலாம். இந்தியச் சிப்பாய்களுக்குப் பல பதிவுகளில் தகப்பன் பெயர், ஊர், ஜில்லாகூட உண்டு. ஆங்கிலத்தில் நம் பெயர்களைத் தாறுமாறாக எழுதியிருப்பார்கள். நாலைந்து விதமாக எழுத்துக் கூட்டித் தேடுங்கள்.

கிடைத்ததையும், வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் ஒரு தாளில் எழுதி, தகட்டோடு சேர்த்து வையுங்கள். ஒரு நகலை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள். விற்றே ஆகவேண்டிய நிலை வந்தாலும் தாளையும் தகட்டையும் பிரித்து விற்காதீர்கள். அந்தப் பையனின் பெயரை அரசாங்கம் வார்த்துக் கொடுத்தாகிவிட்டது. அவன் யார் மகன், எந்த ஊர் என்பதை எழுத வேண்டியது நீங்கள்.